ராமானுஜன் பட்ட மனோவேதனை

டிசம்பர் மாதம் 22-ந் தேதி வந்துவிட்டால் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் உள்ள பள்ளிக்கூடங்களில் ஸ்ரீனிவாச ராமானுஜனின் படத்துக்கு மாலை சூட்டுகிறார்கள். 2012-ம் வருஷம் முதல் அந்தத் தினம் தேசிய கணித தினமாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. பேச வருகிற கனவான்கள் மூன்று விஷயங்களைத் தவறாமல் சொல்லுவார்கள். நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் தோன்றிச் சூத்திரங்களை அருளியது ஒன்று. காகிதம் வாங்கப் பணமின்றிச் சிலேட்டில் கணக்குப் போட்டு முழங்கையால் அழித்தது மற்றொன்று. 1729 என்ற டாக்ஸி நம்பர் மூன்றாவது. பிள்ளைகள் கை தட்டுவார்கள். மிட்டாய் வழங்கப்படும். கூட்டம் கலையும். இந்த மூன்றும் சொல்லத் தக்கவைதாம். ஆயினும் 1918-ம் வருஷத்தின் தொடக்கத்தில் லண்டன் மாநகரில் அந்த மேதைக்கு நேர்ந்த ஆபத்தை எந்த மேடையிலும் நாம் கேட்டதில்லை. பெரியவர் ஒருவருடைய வாழ்க்கையில் அது ஒரு களங்கம், மூடி மறைப்பதே மரியாதை என்று நினைக்கிறார்கள் போலும். நாம் அவ்வாறு நினைக்கவில்லை. மறைப்பதனால் விளையும் கேடு பெரிது என்பதே நமது அபிப்பிராயம். ஆகையால் அதை இன்று எழுதத் துணிகிறோம்.

எழுதுவதற்குக் காரணம் நம் ஊர்களிலேயே இருக்கிறது. ராஜபாளையத்தில் மில்லில் ராத்திரி ஷிப்டு முடிந்து வந்தும் கண் மூடாமல் புரளுகிறவர்கள் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிகளில் பரீட்சையில் தவறிய பையன்கள் வீட்டை விட்டு வெளியே தலை காட்டாமல் கிடப்பதுண்டு. வீட்டார் அதைச் சோம்பல் என்கிறார்கள். சிநேகிதர்கள் கோழைத்தனம் என்கிறார்கள். வயதானவர்கள் கண்ணேறு என்றும் செய்வினை என்றும் சொல்லித் தாயத்துக் கட்டுகிறார்கள். ஒரு அமாவாசைக்குச் சதுரகிரி ஏறிவிட்டு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யோசனை சொல்லுகிறவர்களும் உண்டு. வியாதி என்று மட்டும் ஒருவரும் சொல்லுவதில்லை. ராமானுஜனைச் சுற்றியிருந்தவர்களும் சொல்லவில்லை.

அவர் 1887-ம் வருஷம் டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில். தகப்பனார் ஜவுளிக்கடைக் குமாஸ்தா; சொற்ப சம்பளம். தாயார் கோமளத்தம்மாள் கோவிலில் பஜனை பாடி அதனால் கிடைத்ததைக் குடும்பத்துக்குச் சேர்த்தவர். பையனுடைய புத்தி கூர்மை டவுன் ஹைஸ்கூலில் எல்லோரும் அறிந்த விஷயம். 1904-ல் கும்பகோணம் சர்க்கார் கலாசாலையில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறொன்றையும் ஏறெடுத்துப் பாராததால் இங்கிலீஷில் தேறவில்லை. உபகாரச் சம்பளம் நின்றுபோயிற்று.

அதற்குப் பிறகு நடந்ததை வாசகர்கள் கவனிக்க வேண்டும். 1905-ல், பதினேழு வயதுப் பிள்ளை, வீட்டில் ஒருவரிடமும் சொல்லாமல் ரயிலேறி விசாகப்பட்டணம் பக்கம் போய்விட்டார். பெற்றோர் பதறித் தேடினார்கள். சில காலம் சென்று வீடு திரும்பினார். சரித்திரக்காரர்கள் இதை ஒரு வாலிபக் குறும்பைப்போல் இரண்டு வரியில் எழுதிவிட்டுப் போகிறார்கள். நமக்கு அது குறும்பாகத் தோன்றவில்லை. அவமானம் நேர்ந்த இடத்தில் வாய் திறந்து முறையிடாமல், அந்த இடத்தை விட்டே மறைந்துவிடுகிற சுபாவம் அந்த வயதிலேயே அவரிடம் இருந்தது. பிற்காலத்தில் நேர்ந்தவற்றுக்கு இது ஒரு முன்குறி.

பின்பு சென்னையில் பச்சையப்பன் கலாசாலையில் படித்தும் எப்.ஏ. பரீட்சை தேறவில்லை. சில வருஷங்கள் உத்தியோகமும் இல்லை, வேளைக்குச் சோறும் நிச்சயமில்லை. 1909-ம் வருஷம் ஜூலை மாதம் ஜானகியம்மாளை மணந்தார். குடும்பப் பொறுப்பு வந்தபின் நோட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பெரிய மனிதர்களின் வீட்டு வாசற்படிகளை ஏறி இறங்கினார். இந்தப் படலத்தில் நமக்கு ஆறுதல் தருவது, கதவைத் திறந்த மனிதர்களும் இருந்தார்கள் என்பதே. இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவிய ராமஸ்வாமி ஐயர் அவருடைய நோட்டைப் புரட்டிப் பார்த்து, குமாஸ்தா வேலை கொடுத்து அதை நசுக்க மனமின்றி மேலே உள்ளவர்களுக்குக் காகிதம் எழுதினார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் தம் கையிலிருந்து கொடுத்தார். 1912-ம் வருஷம் மார்ச்சு முதல் தேதி சென்னைத் துறைமுக டிரஸ்டில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா ஆனார். அங்கே நாராயண ஐயர் என்ற மேலதிகாரி இரவில் அவருடன் உட்கார்ந்து கணக்குப் போட்டார். உதவி கேட்டுப் போனவருக்கு உதவி கிடைத்தது. கேட்க முடிந்த வரையில் அவர் தாழ்ந்துவிடவில்லை.

1913-ம் வருஷம் ஜனவரி 16-ந் தேதி கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் உலகப் பிரசித்தம். அதை விஸ்தரிக்க வேண்டியதில்லை. 1914-ம் வருஷம் மார்ச்சு 17-ந் தேதி கப்பல் ஏறினார். ஏறுவதற்கு முன் குடுமி களையப்பட்டது. கால்சட்டையும் பூட்ஸும் மாட்டப்பட்டன. அந்தக் கோலத்தைத் தாயாரும் மனைவியும் காண வேண்டாமென்று அவர்களை முன்னதாகவே கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார். தாம் யாராக வளர்ந்தாரோ அந்த அடையாளங்களையெல்லாம் கரையிலேயே விட்டுவிட்டுப் போனவர் என்று சொன்னால் மிகையாகாது.

கேம்பிரிட்ஜில் முதல் இரண்டு வருஷம் கணித சாஸ்திரத்துக்குப் பொற்காலம். ஆராய்ச்சிக் கட்டுரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வெளிவந்தன, 1916-ல் பி.ஏ. பட்டம் கிடைத்தது. ஆனால் ஆகஸ்டு 1914-ல் ஐரோப்பிய மகாயுத்தம் மூண்டு, கலாசாலை மைதானங்கள் ஆஸ்பத்திரிகளாயின. மாமிசம் தொடாத பிராமணருக்கு யுத்த காலத்தில் காய்கறியும் பாலும் தட்டுப்பாடு. தம் அறையில் தாமே சமைத்து, பல நாள் நேரம் தவறி ஒரு வேளை உண்டார். பின்னாளில் கீர்த்தி பெற்ற மகலநோபிஸ் அப்போது அங்கே மாணவர். ஒரு நாள் போய்ப் பார்த்தால் ராமானுஜன் குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கிறார். படுக்கையில் கம்பளிகளுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. மேலாகப் படுத்து ஓவர்கோட்டைப் போர்த்திக்கொண்டிருந்திருக்கிறார். நண்பர் கம்பளியை விலக்கிக் காட்டிக் கொடுத்தார். இத்தனை காலமும் ஒருவரிடமும் கேட்கவில்லை என்பதே இதில் நம் மனத்தை உறுத்துகிறது.

ஊரிலிருந்து கடிதங்களும் குறைந்தன. ஜானகியம்மாள் எழுதியவை கணவருக்கும், அவர் எழுதியவை மனைவிக்கும் போய்ச் சேராமல் மாமியார் தடுத்துவிட்டதாக வரலாறு எழுதியவர்கள் சொல்லுகிறார்கள். மாமியார் மருமகள் வழக்கில் தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. ஆறாயிரம் மைலுக்கு அப்பால் தனி அறையில் இருந்த ஒருவர் தபால்காரனை எதிர்பார்த்து ஏமாந்த நாட்கள் எத்தனை என்பதை மட்டும் எண்ணிப் பார்க்கச் சொல்லுகிறோம்.

இந்தக் காலத்தில் நடந்த ஒரு சிறு சம்பவத்தைப் பலர் வேடிக்கையாகச் சொல்லுவார்கள். இந்திய நண்பர் ஒருவருக்கும் அவர் மணக்கவிருந்த பெண்ணுக்கும் ராமானுஜன் தம் கையால் சமைத்து விருந்து வைத்தார். ரசம் பரிமாறினார்; இரண்டாம் முறையும் பரிமாறினார்; மூன்றாம் முறை விருந்தினர் போதும் என்றார்கள். சற்று நேரத்தில் பார்த்தால் வீட்டுக்காரரைக் காணவில்லை. தேடியும் அகப்படவில்லை. நான்கு நாள் சென்று ஆக்ஸ்போர்டிலிருந்து தந்தி வந்தது, ஐந்து பவுன் அனுப்பும்படி! தாம் சமைத்ததைப் பெண்டிர் வேண்டாமென்றது தாங்காமல் புறப்பட்டுப் போய்விட்டாராம். கேட்பவர்கள் மேதைகளின் விசித்திரம் என்று சிரிக்கிறார்கள். விசாகப்பட்டணத்துக்கு ரயிலேறிய பதினேழு வயதுப் பிள்ளையை ஞாபகத்தில் வைத்திருப்பவர் சிரிக்கமாட்டார். சிறிய சொல் பெரிய காயமாகிறது; உணவும் உறக்கமும் முறை தவறுகின்றன; மனிதர்களை விட்டு விலகுகிறார். மனச்சோர்வு என்று இன்றைய வைத்தியர்கள் சொல்லுகிற நோய் இப்படித்தான் வீட்டுக்குள் நுழைகிறது. பறை அடித்துக்கொண்டு வருவதில்லை.

1917-ம் வருஷம் வசந்த காலத்தில் உடம்பும் படுத்தது. கேம்பிரிட்ஜ் நர்சிங் ஹோமில் தொடங்கி, மெண்டிப் குன்றுகளிலுள்ள ஆரோக்கிய நிலையம், டெர்பிஷைரில் மாட்லாக், பிறகு லண்டன் என்று இடம் மாற்றி மாற்றிக் கிடத்தினார்கள். காசம் என்றார்கள் சிலர். வேறு என்றார்கள் சிலர். காச நோய்க்கு அந்நாளைய சிகிச்சை திறந்த ஜன்னலும் குளிர்காற்றும். கும்பகோணத்து வெயிலில் வளர்ந்தவருக்கு அது சிகிச்சையா, தண்டனையா என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. கல்லீரலில் அமீபாக் கிருமி பற்றிய நோயாக இருந்திருக்கலாம் என்று 1994-ல் ஒரு இங்கிலீஷ் டாக்டர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து எழுதினார். உடல் நோயையே சரியாகக் கண்டுகொள்ளவில்லை. மன நோயை யார் கண்டார்கள்?

அதே 1917-ல் டிரினிடி கலாசாலையின் பெல்லோ பதவிக்கு அவர் பெயர் எடுபடவில்லை. நிற வேற்றுமை அங்கேயும் வேலை செய்தது. அடுத்த வருஷம் மறுபடி அவர் பெயர் வந்தபோது கறுப்பர் ஒருவரைத் தங்களுடன் சரியாசனத்தில் வைப்பதா என்று முணுமுணுத்த பெரிய மனிதர்கள் இருந்ததைப் பேராசிரியர் லிட்டில்வுட் பின்னர் பதிவு செய்திருக்கிறார். சுதந்தரம் அடைந்த தேசத்தின் பிரஜைகளாகிய நாம் இதைப் படிக்கையில் கோபம் கொள்வது நியாயமே. ஆனால் அடிமைத்தனத்தை மட்டும் குற்றம் சொல்லி நிறுத்திவிட்டால் விஷயம் பாதிதான் விளங்கும். நம்மவர்கள் மத்தியிலும் அவர் சொல்லமாட்டார், நாமும் கேட்டிருக்கமாட்டோம்.

1918 தொடக்கத்தில், லண்டனில், பாதாள ரயில் நிலையம் ஒன்றில் ராமானுஜன் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முற்பட்டார். காவற்காரர் ஒருவர் கண்டு ரயிலை நிறுத்தியதால் கால்களில் காயத்துடன் பிழைத்தார். போலீசார் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

ஆம், கைதியாகத்தான். அந்நாளில் இங்கிலாந்துச் சட்டத்தில் தற்கொலை முயற்சி குற்றம். ஹார்டி விரைந்தார். விண்வெளி சாஸ்திரி சந்திரசேகர் ஹார்டியிடமிருந்தே கேட்டுப் பிற்காலத்தில் வெளியிட்ட விவரம் இது: ராமானுஜன் ராயல் சொசைட்டியின் அங்கத்தினர் என்றும், அப்படிப்பட்டவரைச் சிறைப்படுத்தலாகாது என்றும் ஹார்டி அதிகாரிகளிடம் அடித்துப் பேசினார். அன்றைய தேதியில் அவர் அங்கத்தினர் அல்லர். போலீசார் அதை விசாரித்துத் தெரிந்துகொண்டும், இவ்வளவு பெரிய மனிதருடைய வாழ்வைக் கெடுக்க வேண்டாமென்று வழக்கை விட்டுவிட்டார்கள். போலீசாரிடம் உண்மை அல்லாததைச் சொல்வதை வக்கீலாகிய நாம் ஆதரிக்க முடியாது. எனினும் அந்த ஒரு பொய்யை நினைக்குந்தோறும் ஹார்டியின்மீது நமக்கு மதிப்பு கூடுகிறதே யன்றிக் குறையவில்லை. அந்த வருஷம் மே மாதம் 2-ந் தேதி அவர் சொன்னது மெய்யுமாயிற்று: ராயல் சொசைட்டி ராமானுஜனை அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தது.

இந்தச் சட்டத்தைப் பற்றிச் சில வார்த்தை சொல்லாமல் மேலே போக முடியவில்லை. இங்கிலாந்து 1961-ல் அதை ரத்துச் செய்தது. அவர்கள் நமக்கு எழுதிக் கொடுத்த பினல் கோடில் 309-வது பிரிவு, ஒரு வருஷம் வரை வெறுங்காவல் அல்லது அபராதம் என்று, அவர்கள் போன பின்பும் பல தசாப்தங்கள் நம்மை ஆண்டது. நாம் தொழில் தொடங்கிய புதிதில் ஒரு மாஜிஸ்டிரேட் கோர்ட்டில் ஒரு நெசவாளி அந்தப் பிரிவின் கீழ் நிறுத்தப்பட்டிருந்ததைப் பார்த்தோம். கூப்பிட்டார்கள்; குற்றத்தை ஒப்புக்கொண்டார்; அபராதம் விதித்தார்கள்; மைத்துனன் கட்டினான். ஏன் அப்படிச் செய்தாய் என்று அந்த மண்டபத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கறுப்பங்கி அணிந்து பெஞ்சியில் உட்கார்ந்திருந்த நாமும் கேட்கவில்லை. அது இன்றும் நம்மைக் குத்துகிறது.

அந்த நிலைமை இன்று இல்லை என்பதை வாசகர்கள் தெரிந்துகொள்ளுதல் நலம். 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018-ல் அமுலுக்கு வந்தது. அதன் 115-வது பிரிவின்படி, உயிரை விட முயன்றவர், வேறு விதமாக நிரூபிக்கப்பட்டாலொழிய, கடுமையான மன நெருக்கடியில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கலாகாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது சர்க்காரின் கடமை. 2024 ஜூலை முதல் தேதி அமுலான பாரதிய நியாய சம்ஹிதையில் பழைய 309 இடம்பெறவேயில்லை. சர்க்கார் ஊழியரைக் கட்டாயப்படுத்தும் பொருட்டு அவ்வாறு முயல்வதற்கு மட்டும் 226-வது பிரிவில் தண்டனை வைத்திருக்கிறார்கள். உண்ணாவிரதம் இருக்கும் வழக்கமுள்ள நமது அரசியல் நண்பர்கள் அதைத் தனியே படித்துக்கொள்வார்களாக. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போலீஸ் வரும், கோர்ட்டு வரும் என்று அஞ்சி வீட்டுக்குள்ளேயே மறைத்து வைக்கிற குடும்பங்களுக்கு இதை எடுத்துச் சொல்லுவது தொண்டர்களின் வேலை.

ராமானுஜன் கதைக்குத் திரும்புவோம். அந்தச் சம்பவத்துக்குப் பின் அவரை மறுபடியும் மாட்லாக்கில் வைத்திருந்தார்கள். ராமலிங்கம் என்ற தமிழ்ப் பொறியாளர் ஒருவர் அங்கே போய் அவரைப் பார்த்து, அவருடைய ஆகாரம், உடல் நிலை, மன நிலை யாவற்றையும் பற்றி ஹார்டிக்கு விவரமாக எழுதினார். கீர்த்தி பெற்றவரல்லர், கணித சாஸ்திரியுமல்லர். நம்மவன் ஒருவன் தனியே கிடக்கிறான் என்று போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தவர். நோயாளிக்கு வேண்டியதும் அதுவே. 1918 அக்டோபரில் டிரினிடி பெல்லோ பதவியும் கிடைத்தது. மனத்தில் சிறிது வெளிச்சம் புகுந்ததற்கு அடையாளமாக, 1919 ஜனவரியில் சென்னை சர்வகலாசாலைக்கு அவர் எழுதிய காகிதம் இருக்கிறது. தமக்கு அளிக்க முன்வந்த வருஷத்துக்கு 250 பவுனில் பெற்றோருக்கு 50 பவுன் கொடுத்து, தம் செலவு போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கும் அநாதைகளுக்கும் செலவிட வேண்டுமென்று கேட்டுக்கொண்டார். கௌரவங்கள் கிடைத்ததால் நோய் தீர்ந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. பட்டமும் பதவியும் மனச்சோர்வுக்கு மருந்தாகிவிடா. கவனித்துக்கொள்ள மனிதர்கள் இருந்தபோது, அடுத்தவரைப் பற்றி எண்ணுகிற அவருடைய இயல்பு திரும்பி வந்தது. அவ்வளவுதான் நமக்குத் தெரிகிறது.

1919 மார்ச்சு 27-ந் தேதி பம்பாயில் இறங்கினார். தாயாரும் தம்பியும் காத்திருந்தார்கள். ஜானகி எங்கே என்பதே அவர் முதலில் கேட்ட கேள்வி என்பார்கள். பின்பு சென்னையில் அந்த அம்மாள் வந்து சேர்ந்து, கொடுமுடியிலும் கும்பகோணத்திலும் கடைசியில் சேத்துப்பட்டிலும் இரவு பகலாகப் பணிவிடை செய்தார். தம்முடன் அவளும் சீமைக்கு வந்திருந்தால் இந்த வியாதியே வந்திராது என்று கணவர் சொன்னதாகக் கிழவியான பின்பும் நினைவு கூர்வதுண்டாம். 1920 ஜனவரியில் படுக்கையிலிருந்தபடி ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் கண்டுபிடித்துச் சொன்ன புதிய சார்புகளை இன்றும் கணித சாஸ்திரிகள் ஆராய்ந்து வருகிறார்கள். ஏப்ரல் 26-ந் தேதி காலமானார், வயது 32. கடல் கடந்த தோஷம் கழியவில்லையென்று உறவினரில் பலர் ஈமக்கடனுக்கு வரவில்லை. இருந்தபோது அவர் மனம் படுகிற பாட்டைக் கேளாத சமூகம், இறந்தபின் தோஷத்தைக் கணக்குப் பார்த்தது. ஜானகியம்மாள் 1994 வரை சென்னையில் வாழ்ந்திருந்தார்.

நூறு வருஷத்துக்கு முன் இறந்தவருக்கு நோயின் பெயரைச் சூட்ட நாம் வைத்தியர் அல்லோம். கண் முன்னே இருப்பவர்களுக்காகச் சொல்லுகிறோம். இரண்டு வாரத்துக்கு மேல் நாள்தோறும் மனம் கவிந்தே இருத்தல்; முன்பு ருசித்த எதிலும் ருசியின்மை; விடியற்காலம் மூன்று மணிக்கே விழிப்பு வந்து பிறகு உறங்காமை, அல்லது எந்நேரமும் உறக்கம்; பசியின்மை; காரணமின்றிக் களைப்பு; தான் எதற்கும் உதவாதவன், பிறருக்குப் பாரம் என்ற எண்ணம்; இவை சேர்ந்து வந்தால் அது சுபாவமல்ல, வியாதி. இதன் கூடப்பிறந்தது பதற்றம். மார்பு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், ஏதோ கேடு வரப்போகிறதென்ற திகில் விடாது. இருதய நோய் என்று எண்ணி மதுரைக்கும் சென்னைக்கும் அலைந்து, எல்லாப் பரிசோதனையும் சுத்தம் என்ற காகிதக் கட்டுடன் திரும்பிய ராஜபாளையத்து வியாபாரிகளை நாம் அறிவோம். மனத்தைப் பற்றி விசாரித்திருந்தால் பாதிச் செலவு மிஞ்சியிருக்கும்.

தைரியமாயிரு என்று சொல்லுவதால் பயனில்லை. விஷக்காய்ச்சல்காரனிடம் யாரும் தைரியமாயிரு என்று சொல்லிவிட்டுக் கஷாயம் கொடுக்காமல் போவதில்லை. தெய்வ பக்தி குறைந்ததால் வந்தது என்பதும் பிசகு. ராமானுஜனைக் காட்டிலும் நாமகிரித் தாயாரை நம்பினவர் யார்? கோவிலுக்குப் போகிறவர் போகட்டும்; வைத்தியரிடமும் போகட்டும். இதற்கு மருந்து உண்டு. அது வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும், ஆகையால் மூன்றாம் நாள் குணமில்லையென்று நிறுத்திவிடக் கூடாது. குணமானதும் தாமாகவே நிறுத்திவிடுவதும் கூடாது. பயிற்சி பெற்றவருடன் வாரந்தோறும் உட்கார்ந்து பேசி மனத்தின் கோணலைச் சீர் செய்கிற சிகிச்சையும் உண்டு. லேசான நோய்க்கு அதுவே போதுமானதாகலாம். விருதுநகரில் 2022 ஜனவரியில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி இருக்கிறது. நம் இரண்டு ஊர்களிலிருந்தும் பஸ்ஸேறினால் அன்றே போய்ச் சேரலாம். நேரில் போகக் கூசுகிறவருக்கு 2022 அக்டோபரில் மத்திய சர்க்கார் டெலி மானஸ் என்ற டெலிபோன் ஏற்பாட்டைத் தொடங்கியிருக்கிறது. 14416 என்ற நம்பரில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

உயிரை விட எண்ணுகிறாயா என்று கேட்டால் அந்த எண்ணம் இல்லாதவனுக்கும் உண்டாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அது தவறென்று வைத்தியர்கள் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். கேட்பதால் பாரம் இறங்குமே யன்றி ஏறாது. சொல்லிவிட்டால் அவரைத் தனியே விடாமல் கூட இருந்து வைத்தியரிடம் அழைத்துப் போக வேண்டும்.

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டியில் நெய்கிற கட்டுத்துணி தேசத்தின் ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் போகிறது. எங்கோ இருப்பவன் காயத்துக்கு இங்கே தறி ஓடுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரிலோ, மகளைப் பிரிந்த தாயின் நிலையில் நின்று, வெறிச்சென்ற வீட்டைப் பார்த்து ஏங்கிப் பெரியாழ்வார் பாடியிருக்கிறார். ஆண்டாளைப் பிரிந்த அவரது சொந்தத் துயரமே அது என்று பெரியோர் கொள்ளுவார்கள். ஆழ்வார் தம் ஏக்கத்தைப் பெருமாள் முன்னிலையில் வாய்விட்டுச் சொன்னார். அவர் ஊரில் பிறந்த ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் அது ஏன் வெட்கமாகப் போயிற்றென்று நமக்கு விளங்கவில்லை.

வெட்கம் மிக அதிகமாயிருப்பது நம் தொண்டர் கூட்டத்தில்தான். கட்சிக்காக அலைந்து, சிறை சென்று, தேர்தலில் தோற்று, கடனாளியாகி, வீட்டில் ஏச்சுக் கேட்டு, பொதுக்கூட்ட மேடையில் மட்டும் சிங்கம்போல் முழங்குகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! மேடையை விட்டு இறங்கியபின் அவர்கள் இரவு எப்படிக் கழிகிறது என்று எந்தக் காரியதரிசியும் விசாரிப்பதில்லை. தலைவர் சோர்ந்தால் இயக்கம் சோர்ந்துவிடும் என்று வாய் மூடிக் கிடக்கிறார்கள். சாராயத்தில் இறங்கியவர்களும் உண்டு.

ஹார்டியைப் பற்றி ஒன்று பாக்கியிருக்கிறது. போலீசாரிடம் நண்பனுக்காக வாதாடி மீட்ட அந்த மனிதருக்கும் முதுமையில் அதே இருள் வந்தது. 1939-ல் இருதய நோய். கணித சக்தி குன்றிவிட்டதென்ற தீராத வருத்தம். 1947-ல் அவரும் உயிரை விட முயன்றார், பிழைத்தார். இம்முறை உடன் இருக்க ஆட்கள் இருந்தார்கள். சகோதரி அருகிலிருந்து பராமரித்தார். மாலை வேளைகளில் கிரிக்கெட் சரித்திரம் வாசித்துக் காட்டினார். எழுத்தாளர் ஸ்னோ அடிக்கடி கேம்பிரிட்ஜ் வந்து படுக்கையருகே உட்கார்ந்து, அவருக்குப் பிரியமான கிரிக்கெட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். டிசம்பர் முதல் தேதி ஹார்டி காலமானார். அதற்கு நாலைந்து நாள் முன்பு இருவரும் கடைசியாகப் பேசியது, அப்போது ஆஸ்திரேலியாவில் ஆடப் போயிருந்த இந்திய ஆட்டக்காரர் வினூ மன்கட்டைப் பற்றி.